உரிமைக்கு 95 ஆண்டு, உயிருக்கு 20 ஆண்டு

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் மகன், தான் பள்ளிப் பருவத்தில் ஆடிய கணினி விளையாட்டு ஒன்றைத் தன் எட்டு வயது மகளுக்குக் காட்ட விரும்பினான். 2000களின் தொடக்கத்தில், எங்கள் தெருமுனையில் இருந்த பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அவனும் அவன் நண்பர்களும் முறைவைத்து ஆடிய விளையாட்டு அது. ஒரு கார்ட்டூன் தொலைக்காட்சியின் அமெரிக்க இணையதளத்தில், அத்தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர் ஒன்றை ஒட்டி உருவாக்கப்பட்டது. அதை யாரும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை; இணைய உலாவியைத் திறந்தால் போதும், ஆடலாம். விளையாட்டின் பெயர் மட்டுமல்லாமல் அதன் இணைய முகவரியும் மகனுக்கு நினைவில் இருந்தது. அந்த முகவரியில்தான் இப்போது எதுவும் இல்லை.

இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு, தன்னார்வலர்கள் சேர்த்துவைத்திருந்த ஒரு தொகுப்பில் அது கிடைத்தது. பேத்தி உற்சாகமாக ஆடத் தொடங்கினாள். முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் கடந்தாள். மூன்றாம் கட்டத்துக்குப் போனபோது திரை வெறுமையாக நின்றுவிட்டது. அந்தக் கட்டத்துக்குரிய கோப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று தொகுப்பாளர்கள் குறிப்பு எழுதியிருந்தனர். “அதுக்கப்புறம் என்ன வரும், தாத்தா?” என்று கேட்டாள். நான் மகனைப் பார்த்தேன். அவனுக்கும் நினைவில்லை.

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவன் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அந்த வெற்றுத் திரைக்குப் பின்னால் இருப்பது ஒரு பொருளியல் சிக்கல் என்பதே என் பதில். ஒரு பண்டத்தின் உரிமையாளருக்கு அதனால் பயன் தீர்ந்துவிட்டது. சமுதாயத்துக்கு அதனால் பயன் இருக்கிறது. அதைக் காப்பாற்றும் செலவோ மிகக் குறைவு. இருந்தும் அது அழிகிறது. இப்படியொரு நிலை ஏன் வருகிறது என்று ஆராய்வது பொருளியலின் வேலைகளுள் ஒன்று.

எப்படி மறைந்தன?

1996ஆம் ஆண்டில் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு அமெரிக்க நிறுவனம், இணையத்தில் அசையும் படங்களை உருவாக்குவதற்கான மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதை வாங்கி, ‘ஃபிளாஷ்’ என்று பெயரிட்டது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி நிறுவனம் வாங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்து வந்த அக்காலத்தில், படம், இசை, அசைவு எல்லாவற்றையும் சிறிய கோப்பு ஒன்றுக்குள் அடக்கிவிடும் ஆற்றல் ஃபிளாஷுக்கு இருந்தது. கார்ட்டூன் நெட்வொர்க், நிக்கலோடியன், டிஸ்னி முதலிய தொலைக்காட்சிகள் இதை உடனே பற்றிக்கொண்டன. ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’, ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’, ‘ஸ்பாஞ்ச்பாப்’, ‘பென் 10’ என்று ஒவ்வொரு தொடருக்கும் பல விளையாட்டுகள் அவற்றின் தளங்களில் குவிந்தன.

சரிவு 2007இல் ஐபோனுடன் தொடங்கியது. ஆப்பிள் நிறுவனம் அதில் ஃபிளாஷை அனுமதிக்கவில்லை. பாதுகாப்புக் குறைபாடுகள், மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் இயல்பு ஆகியவற்றைச் சுட்டி, 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையான கடிதமே எழுதினார். அக்காரணங்கள் பொய்யானவை அல்ல. ஃபிளாஷ் வழியாகக் கணினிக்குள் நுழைந்த தாக்குதல்கள் ஏராளம். 2017 ஜூலையில் அடோபி தன் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல், கணினிகளில் எஞ்சியிருந்த ஃபிளாஷ் மென்பொருளும் உள்ளடக்கத்தை இயக்க மறுத்தது. அதன் உடன்பிறப்பான ‘ஷாக்வேவ்’ 2019 ஏப்ரலிலேயே கைவிடப்பட்டிருந்தது. முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றுக்கு உதவிய ‘யூனிட்டி வெப் பிளேயர்’, முன்னணி உலாவியான குரோம் பழைய வகைச் செருகுநிரல்களை 2015இல் நீக்கியதோடு செயலிழந்தது.

ஆக, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கலைவடிவம் பிறந்து, உலகமெங்கும் பரவி, இயங்க இடமின்றிப் போயிற்று. எஞ்சிய தளங்களும் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2024 ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் அமெரிக்க இணையதளம் மூடப்பட்டு, வருவோர் அனைவரும் அதே குழுமத்தின் ‘மேக்ஸ்’ சந்தா சேவைப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டனர். சந்தா கட்டினால் தொடர்களைப் பார்க்கலாம். விளையாட்டுகளுக்கு அங்கே இடமில்லை.

விளம்பரமாகப் பிறந்த குழந்தை

இந்த விளையாட்டுகள் ஏன் இவ்வளவு எளிதாகக் கைவிடப்பட்டன? அவை ஏன் உருவாக்கப்பட்டன என்பதில்தான் விடை இருக்கிறது. கடையில் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் விளையாட்டுக்கு விலை உண்டு. விற்கும்வரை அது நிறுவனத்தின் கணக்கில் சொத்து. உலாவி விளையாட்டுக்கு விலை இல்லை. தொடருக்குப் பார்வையாளரை இழுப்பதும், தளத்தில் குழந்தைகளை நெடுநேரம் இருத்தி விளம்பரங்களைக் காட்டுவதுமே அதன் பணி. பெரும்பாலான விளையாட்டுகளைச் சிறிய வெளி நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில், சில வாரங்களிலோ மாதங்களிலோ செய்து கொடுத்தன. நிறுவனக் கணக்கில் அது விளம்பரச் செலவு; தெருவில் ஒட்டிய சுவரொட்டிக்குச் சமம். தொடர் முடிந்ததும் சுவரொட்டி கிழிக்கப்படுகிறது. யாரும் அதைக் கொடுமை என்று கருதவில்லை.

ஆனால், அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் அமர்ந்திருந்த குழந்தைக்கு அது சுவரொட்டியாக இருக்கவில்லை. தொடரைப் பார்த்தபோது அவன் பார்வையாளன். விளையாட்டில் அவனே அந்தப் பாத்திரம். ஒரு தலைமுறையின் சொல்வளம், நகைச்சுவை, நட்பு, தோற்றுத் தோற்று மீண்டும் முயலும் பழக்கம் எல்லாம் இந்தச் சிறு பெட்டித் திரைகளில் ஓரளவேனும் உருவாயின. ஒரு பண்டம் அதை விற்பவரின் ஏட்டில் ஏறாத பயன்களைப் பிறருக்கு உண்டாக்குவதைப் பொருளியலில் புறவிளைவு என்கிறோம். புறவிளைவு பெரிதாகவும் உரிமையாளரின் ஆதாயம் சிறிதாகவும் இருக்கும் பண்டத்தைச் சந்தை பேணாது. அது சந்தையின் குற்றமுமன்று. அந்த வேலைக்காகச் சந்தை அமைக்கப்படவில்லை.

முந்தைய நூற்றாண்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. பேசும்படம் வந்தவுடன் ஊமைப்படங்களுக்கு வணிக மதிப்பு இல்லை என்று ஹாலிவுட் முடிவு செய்தது. படச்சுருள்கள் கிடங்கை அடைப்பதாகக் கருதி அழிக்கப்பட்டன. அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் முழுநீள ஊமைப்படங்களில் சுமார் 70% முற்றிலும் அழிந்துவிட்டன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று நம்மிடம் இல்லை என்பதை அறிந்த நமக்கு, இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. அன்று அந்தப் படங்களைக் குப்பை என்று ஒதுக்கியவர்களில் யாரும் முட்டாள்கள் அல்லர். தங்கள் ஏட்டில் இருந்த மதிப்பை அவர்கள் சரியாகவே கணித்தார்கள். அந்த ஏட்டுக்கு வெளியே இருந்த மதிப்பைக் கணிக்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை.

மீட்பவர்கள் செய்யும் வேலை

இன்று அந்தப் பொறுப்பைத் தாமாக ஏற்றவர்கள், பெரும்பாலும் ஊதியமில்லாத இளைஞர்கள். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் தொடங்கிய ‘ஃபிளாஷ்பாயின்ட்’ திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உலாவி விளையாட்டுகளையும் அசைவுப்படங்களையும் சேர்த்திருக்கிறது. ‘ரஃபிள்’ என்ற திறந்த மூல மென்பொருள், பழைய ஃபிளாஷ் செய்த வேலையைப் புதிய உலாவிக்குள் பாதுகாப்பாகச் செய்கிறது. அடோபி ஆதரவை நிறுத்துவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2020 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற மின்நூலகம் ரஃபிளைப் பயன்படுத்தி 1,000க்கும் மேற்பட்ட ஃபிளாஷ் படைப்புகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது.

இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை அறிந்தால்தான் இழப்பின் தன்மை புரியும். பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் தானியங்கி நிரல்கள், ஒரு பக்கத்தில் வெளிப்படையாக உள்ள இணைப்புகளைப் பின்பற்றிச் செல்பவை. அவை விளையாடுவதில்லை. விளையாட்டின் முதன்மைக் கோப்பை அவை எடுத்திருக்கலாம். ஆனால், ஆடுபவர் இரண்டாம் கட்டத்தை வென்ற பிறகே சர்வரிலிருந்து வரவழைக்கப்படும் மூன்றாம் கட்டக் கோப்பு இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. என் பேத்தி கண்ட வெற்றுத் திரைக்கு இதுவே பொதுவான காரணம்.

எனவே, தளம் உயிரோடு இருக்கும்போதே யாரேனும் ஒவ்வொரு விளையாட்டையும் கடைசிக் கட்டம்வரை ஆடி, வரவழைக்கப்படும் கோப்புகளையெல்லாம் சேமித்திருக்க வேண்டும். தளம் மூடிய பின்னர் எஞ்சுவது துப்பறியும் வேலை. முதன்மைக் கோப்பைப் பிரித்துப் பார்த்து, அது எந்தெந்தக் கோப்புகளைத் தேடுகிறது என்று கண்டறிகிறார்கள். முகவரியின் வடிவத்தை வைத்து மற்றவற்றின் பெயரை ஊகிக்கிறார்கள். ஒரே தொலைக்காட்சிக்கு ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, ஜப்பான் என்று வெவ்வேறு தளங்கள் இருந்ததால், அமெரிக்கத் தளத்தில் அழிந்தது வேறொரு மொழிப் பதிப்பில் கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய கணினிகளில், உலாவி தற்காலிகமாகச் சேமித்து மறந்துபோன கோப்புகளைத் துழாவுகிறார்கள். கோப்பு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. பிற தளங்கள் திருடி வெளியிடாமலிருக்க, தன் சொந்த முகவரியில் இருந்தால் மட்டுமே இயங்கும்படி பல விளையாட்டுகள் பூட்டப்பட்டிருந்தன. இன்று இல்லாத அந்த முகவரியில்தான் இருக்கிறோம் என்று விளையாட்டை நம்பவைக்கும் ஏற்பாட்டையும் இவர்களே செய்ய வேண்டும்.

இங்கே செலவுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு ஃபிளாஷ் விளையாட்டின் அளவு பெரும்பாலும் சில மெகாபைட்டுகளே. சராசரி 5 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும், 2 லட்சம் விளையாட்டுகள் ஒரு டெராபைட்டில் அடங்கிவிடும். அந்த அளவு சேமிப்பு வட்டு இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சேமிப்பதற்குச் செலவில்லை, அழிந்த பின் தேடுவதற்கே செலவு. கோப்புகள் அனைத்தும் ஒருகாலத்தில் உரிமையாளரின் சர்வரில் ஒரே இடத்தில் இருந்தன. தளத்தை மூடும் நாளில் ஒருவர் அரைநாள் ஒதுக்கி அவற்றைப் படியெடுத்திருந்தால், பிறகு பல நூறு பேர் பல ஆண்டுகள் செலவிடும் உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ‘ஹோம்ஸ்டார் ரன்னர்’ என்ற இணைய அசைவுப்படத் தொடரை உருவாக்கிய சகோதரர்கள் இருவர், அதன் தளத்தைத் தாங்களே நடத்திவந்தனர். ஃபிளாஷ் முடிவுக்கு வந்தபோது ரஃபிளை இணைத்துத் தளத்தைத் தொடர்ந்து இயங்கச் செய்தனர். படைப்பாளியே உரிமையாளராகவும் இருந்த இடத்தில், படைப்பு பிழைத்தது. பல்லாயிரம் கோடி டாலர் மதிப்புள்ள குழுமங்களிடம் இருந்தவற்றில் பெரும்பகுதிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. குறைந்தது பணம் அல்ல. அக்கறை கொள்ள ஆள் இல்லை.

சட்டம் நிற்கும் இடம்

இதில் சட்டம் எங்கே நிற்கிறது? அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டு வெளியான படைப்புக்குப் பதிப்புரிமை 95 ஆண்டுகள். 2003இல் வெளியான ஒரு கார்ட்டூன் விளையாட்டின் உரிமை 2098இன் இறுதிவரை நீடிக்கும். அதை இயக்கிய நுட்பமோ 2020இல் முடிந்துவிட்டது. மிக்கி மவுஸ் தோன்றிய ‘ஸ்டீம்போட் வில்லி’ 1928இல் வெளியாகி, 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமை ஆயிற்று. அதுவரை அதன் படச்சுருள் பாதுகாக்கப்பட்டதால், பொதுமக்களிடம் வந்துசேர ஒரு பொருள் இருந்தது. நம் விளையாட்டுகள் பொதுவுடைமை ஆகும் நாளில், உரிமை மட்டும் வந்துசேரும், பொருள் இருக்காது. குறிப்பிட்ட காலம் படைப்பாளிக்குத் தனியுரிமை, அதன்பின் படைப்பு சமுதாயத்துக்கு என்பதே பதிப்புரிமைச் சட்டம் செய்துகொண்ட பேரம். பேரத்தின் முதல் பாதி நிறைவேறி, இரண்டாம் பாதி பொய்த்துப்போகிறது.

அனுமதி கேட்டுப் பெறலாமே என்பது இயல்பான கேள்வி. யாரிடம் கேட்பது? கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கிய டர்னர் நிறுவனம் 1996இல் டைம் வார்னருடன் இணைந்தது. அது 2001இல் ஏஓஎல்லுடன் இணைந்தது. அந்த மணம் முறிந்த பின், 2018இல் ஏடி அண்ட் டி வாங்கியது. 2022இல் அது வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆயிற்று. இதற்கிடையே விளையாட்டைச் செய்துகொடுத்த சிறு நிறுவனங்களில் பல கலைந்துவிட்டன. ஒப்பந்தத் தாள் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழக்கறிஞருக்குத் தரும் கட்டணம், அந்த விளையாட்டின் வணிக மதிப்பைவிடப் பன்மடங்கு அதிகம். பரிவர்த்தனைச் செலவு பண்டத்தின் மதிப்பை மிஞ்சும்போது பேரம் நடக்காது. உரிமையாளர் மறுப்பதால் அன்று, பதில் சொல்வதே அவருக்கு நட்டம் என்பதால் அனுமதி கிடைப்பதில்லை.

உரிமையாளர் விழித்துக்கொள்வதும் உண்டு. 2009 ஜனவரியில் கார்ட்டூன் நெட்வொர்க் ‘ஃபியூஷன்ஃபால்’ என்ற விளையாட்டைத் தொடங்கியது. அதன் பல தொடர்களின் பாத்திரங்கள் ஒரே உலகில் உலவ, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் பெரிய விளையாட்டு அது. 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதை ஆடி வளர்ந்தவர்கள் பல ஆண்டுகள் உழைத்து, கட்டணமின்றி மீண்டும் இயங்கவைத்தனர். 2020இல் உரிமையாளரின் சட்ட அறிவிப்பு வந்தது. அந்தப் பதிப்பு நிறுத்தப்பட்டது. உரிமையாளர் அந்த விளையாட்டை மீண்டும் நடத்தினாரா என்றால், இல்லை. தானும் ஆடவிடாமல், பிறரையும் ஆடவிடாமல் இருக்கும் உரிமையைச் சட்டம் அவருக்கு வழங்கியிருக்கிறது. பின்னர் வேறு ஆர்வலர்கள் சர்வர் மென்பொருளைப் புதிதாக எழுதி, அதைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள்.

நூலகங்களின் நிலையும் சிறப்பாக இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87% இன்று சட்டப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்று, அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறியது. இது விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டுகளின் கணக்கு; விலையே இல்லாத உலாவி விளையாட்டுகள் அதில் சேரவில்லை. இந்த ஆய்வைக் காட்டி, நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்க அனுமதி கேட்டன. விளையாட்டுத் தொழில் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கோரிக்கையை மறுத்தது. ஆய்வு என்ற பெயரில் மக்கள் பொழுதுபோக்காக ஆடிவிடுவார்கள் என்பது எழுப்பப்பட்ட அச்சங்களுள் ஒன்று. நூலகத்தில் நாவல் எடுப்பவர் இன்பத்துக்காகப் படித்துவிடுவார் என்று யாரும் அஞ்சுவதில்லை.

எதிர்வாதங்கள்

மறுபக்கத்தில் உள்ள நியாயங்களையும் பார்க்க வேண்டும். முதலாவது, இவை அற்பமானவை. காக்கத் தக்கவை அல்ல என்பது. இவற்றில் பல சாதாரணமானவையே. ஆனால், எது தகுதியானது என்று தேர்ந்தெடுக்கும் செலவு, எல்லாவற்றையும் சேமிக்கும் செலவைவிட அதிகம் என்பதை மேலே கண்டோம். தவிர, ஒரு காலத்தின் அற்பம் அடுத்த காலத்தின் ஆவணமாகிறது. குழந்தைகளுக்கு விளம்பரம் எப்படி விளையாட்டு வடிவில் சென்றது என்பதை ஆராய விரும்பும் நாளைய சமூகவியலாளருக்கு, இந்த விளையாட்டுகளே முதன்மைச் சான்று. நிறுவனங்களைக் குறைகூற விரும்புவோருக்கும் சான்று வேண்டுமல்லவா?

இரண்டாவது, உரிமையாளரின் நியாயம். பென் 10 போன்ற பாத்திரங்கள் இன்றும் வணிக மதிப்புள்ளவை. யாரோ நடத்தும் தளத்தில் அவை தோன்றுவது வணிகக் குறியின் மதிப்பைக் கெடுக்கலாம். நாளை அந்த விளையாட்டையே நிறுவனம் திரும்ப வெளியிட விரும்பலாம். இது பொருட்படுத்த வேண்டிய வாதம். தன்னார்வலர்கள் செய்வதெல்லாம் சட்டப்படி சரி என்று நான் சொல்லவில்லை. பலர் செய்வது பதிப்புரிமையை மீறும் செயலே. நன்மை செய்ய விரும்புவோர் சட்டத்தை மீறியே அதைச் செய்ய வேண்டியிருப்பது, சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதற்கான அறிகுறி.

மூன்றாவது, தன்னார்வலர்களே நன்றாகச் செய்கிறார்களே, அரசு எதற்கு என்பது. அவர்கள் உழைப்பு போற்றத்தக்கது, ஆனால் நிலையற்றது. வேலை, திருமணம், களைப்பு என்று ஒவ்வொருவராக விலகுவார்கள். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் சேவைகள் பல நாட்கள் முடங்கியபோது, உலகின் இணைய நினைவில் எவ்வளவு பகுதி ஒரே நிறுவனத்தின் தோளில் இருக்கிறது என்பது தெரிந்தது. பொதுப் பண்டத்தைத் தனிமனிதர் கொடையால் மட்டும் போதுமான அளவு வழங்க இயலாது என்பது பொருளியலின் பழைய பாடங்களுள் ஒன்று.

என்ன செய்யலாம்?

முதலாவது, புதுப்பித்தல். இது புதிய யோசனை அன்று. அமெரிக்காவில் முன்பு பதிப்புரிமை 28 ஆண்டுகள். அதன்பின் வேண்டுமானால் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். 1950களின் இறுதியில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் கணக்கெடுத்தபோது, உரிமையாளர்கள் புதுப்பித்துக்கொண்டது சுமார் 15% படைப்புகளுக்கே என்று தெரிந்தது. சிறு கட்டணமும் ஒரு விண்ணப்பமும், உரிமையாளர் உண்மையில் எதை மதிக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்தன. பிற்காலச் சட்டங்கள் அந்த ஏற்பாட்டை ஒழித்து, மதிக்கப்படும் படைப்புக்கும் மறக்கப்பட்ட படைப்புக்கும் ஒரே நீண்ட காவலை வழங்கிவிட்டன. மென்பொருளுக்கும் கணினி விளையாட்டுக்குமாவது, 15 அல்லது 20 ஆண்டுக்கு ஒருமுறை சிறு கட்டணத்துடன் புதுப்பித்தல் வேண்டும் என்பது பொருளியல் தர்க்கத்துக்கு இசைந்தது. மதிப்பு உண்டு என்பவர் கட்டட்டும். கட்டாதவற்றை நூலகங்கள் எடுத்துக்கொள்ளட்டும். பன்னாட்டு ஒப்பந்தங்கள் இதற்கு இடையூறாக உள்ளன என்பதால் இது நீண்டகால இலக்கு.

இரண்டாவது, உடனே செய்யக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறை, வணிகப் புழக்கத்திலிருந்து நீங்கிய படைப்புகளை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இலாப நோக்கின்றிப் பொதுமக்களுக்குத் தர வழிசெய்கிறது. உரிமையாளர் விரும்பாவிட்டால் விலகிக்கொள்ளலாம். மௌனத்தை மறுப்பாகக் கொள்ளும் இன்றைய நிலையை இது மாற்றி, மௌனத்தை இசைவாகக் கொள்கிறது. மேலே சொன்ன பரிவர்த்தனைச் செலவுச் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. அமெரிக்காவும் பிற நாடுகளும் இதைப் பின்பற்றலாம். உரிமையாளர் ஆட்சேபித்தாலும், பொதுமக்களின் அணுகலை நிறுத்தினால் போதும். படியையே அழிக்கச் செய்யக் கூடாது. காப்பதும் காட்டுவதும் வேறுவேறு செயல்கள். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதுதான் இன்றைய சட்டங்களின் பெருங்குறை.

மூன்றாவது, ஒப்படைப்பு. அச்சிட்ட நூலின் படியை நூலகத்துக்கு அளிக்க வேண்டும் என்ற கடமை பல நாடுகளில் உண்டு. டென்மார்க் 2005இலும், பிரான்ஸ் 2006இலும், பிரிட்டன் 2013இலும் இக்கடமையை இணையத்துக்கு விரிவாக்கின. இணையதளத்தை மூடும் நிறுவனம், அதற்கு முன் அதன் கோப்புகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தால், நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு சேமிப்பு வட்டும் ஓர் அஞ்சலும்தான்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு நூல்களை அனுப்ப வேண்டும் என்று விதிக்கும் இந்தியச் சட்டம் 1954ஆம் ஆண்டையது. நூல்களையும் இதழ்களையும் பற்றிப் பேசும் அச்சட்டம், இணையத்தில் மட்டும் பிறந்து இணையத்திலேயே வாழும் படைப்புகளை நினைத்து எழுதப்பட்டதன்று. அமெரிக்க நிறுவனங்கள் தம் கார்ட்டூன் விளையாட்டுகளை இழந்ததைப் பார்த்து நாம் வருந்தும் இதே நேரத்தில், நம் மொழிகளில் உருவான சிறுவர் தளங்களும், மின்னிதழ்களும், கல்வி மென்பொருள்களும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைத் துழாவி எடுக்கத் தன்னார்வலர் படைகூட நம்மிடம் பெரிதாக இல்லை.

மகனும் பேத்தியும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று பிரௌசிங் சென்டரில் பயன்படுத்திய கணினிகள் எங்கே போயின என்று விசாரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் மகன். கடை நடத்தியவரைக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். பழைய வன்தட்டுகள் சில வீட்டுப் பரணில் கிடக்கலாம் என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் கட்டம் அதில் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகமில்லை. ஆனாலும் போகத்தான் போகிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).